தம்பி பேசினால் இடம் பிடிக்கும்

லேப்டாப்பில் இடம் இல்லை என்று அந்த மஞ்சள் முக்கோணம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் நேரம் பார்த்து வரும். குக்கர் அடுப்பில் இருக்கும், ஐரோலி ஆபீஸிலிருந்து மேனேஜர் போனில் இருப்பார், அப்போதுதான் அது எட்டிப் பார்க்கும். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்கள் தரும் சாஃப்ட்வேரை நம் சொந்த லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு இடம் வேண்டும். இடம் இல்லை.

மும்பையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இடம் இல்லை என்பது புதுச் செய்தியா? தாராவியில் ஒரே அறையில் நாங்கள் நாலு பேர், விருந்தாளி வந்தால் ஆறு பேர், முறை வைத்துக் காலை நீட்டியவர்கள். லோக்கல் ட்ரெயினில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்காருவதற்கு யாரிடமும் கெஞ்சியதில்லை. 'தோடா சர்கோ' என்றால் நகர்ந்துவிடுவார்கள். இங்கே யாரை நகரச் சொல்வது? கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்று பெட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரிச் சமயங்களில் குஷி பிறந்துவிடும். மனுஷர் எதையும் சேர்த்துவைக்க விடமாட்டார். பால் கவர், காலி டப்பா, போன மாதப் பத்திரிகை, எது கையில் அகப்பட்டாலும் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும். செம்பூரிலேயே வளர்ந்தவர், ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, சனிக்கிழமையென்றால் அலமாரியைக் காலி செய்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தோண்ட ஆரம்பித்தார்.

"ஏம்மா, இங்க பாரு. பாதி ஜாகாவ உன் பழைய போன்தான் தின்னுட்டு இருக்கு."

உண்மைதான். போனை மாற்றும்போதெல்லாம், பழையதில் இருந்த அத்தனையையும் லேப்டாப்பில் பேக்கப் எடுத்து வைத்திருந்தேன். மூன்று போன் மாற்றினேன், மூன்று பேக்கப். எடுத்ததோடு சரி, திரும்பிப் பார்த்ததில்லை. அந்த ஃபோல்டர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. எழுத்தும் எண்ணுமாகக் கொசகொசவென்று ஒரு நீளமான வால். திறந்தால் உள்ளேயும் அதே மாதிரி வால்கள், ஆயிரக்கணக்கில். எது போட்டோ, எது மெசேஜ் என்று சாமிக்குத்தான் வெளிச்சம். மொத்தத்தையும் ஒரு போனில் திருப்பி ஏற்றினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணில் படும்.

"அப்படி என்ன கஜானா இதுல?" என்று கேட்டார்.

"தம்பி பேசினது" என்றேன்.

என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வாய்ப்பேச்சும் இல்லை. தாராவியில் அம்மாவோடு இருக்கிறான், பக்கத்துத் தெருவில் பை தைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறான். மற்றவர்கள் எனக்கு அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் கூட்டிக் கட்டினாலும் ஒரு மூலைக்குக் காணாது. 'சாப்டியா', 'ட்ரெயின் லேட்', 'பால் வாங்கிட்டு வா'. எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? தம்பிக்கு எழுத்து வராது. அவன் 'சாப்பிட்டாயா' என்று கேட்க வேண்டுமென்றால் போனைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, எதிரே நின்று, கையாலும் முகத்தாலும் கேட்டு, அதை வீடியோவாக அனுப்ப வேண்டும். ஊரார் ஒரு வார்த்தையில் சொல்வதற்கு அவனுக்கு ஒரு படம் வேண்டியிருக்கிறது. அவன் பேசினால் இடம் பிடிக்கும். அதற்கு அவன் என்ன செய்வான்?

கைப்பாஷை என்றதும் டிவி செய்தியில் ஓரத்தில் நின்று ஒருவர் கையசைப்பாரே, அது என்று நினைத்துவிடக் கூடாது. அது பள்ளிக்கூடத்தில் கற்றுத்தருவது. எங்கள் தெரு முனிசிபல் பள்ளியில் தம்பியைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் அதுவும் அலுத்து வீட்டுக்கு வந்துவிட்டான். காது கேளாத பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி உண்டு என்று எங்களுக்குச் சொல்வாரில்லை. ஆகவே, தேவைக்கு ஏற்ப நாங்களே ஒரு பாஷை செய்துகொண்டோம். மழை என்றால் கூரை ஒழுகும் இடத்தில் குண்டானைக் கொண்டுபோய் வைக்கும் சைகை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எலும்பைக் கடித்து இழுப்பது. அம்மாவுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி, ஆகவே இரண்டு விரலால் மூக்கின் இருபுறமும் தொட்டால் அம்மா. சயான் என்றால் கையில் ஊசி குத்துவது, ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் அங்கே போவோம். மாஹிம் என்றால் மூக்கைப் பொத்துவது, வழியில் உள்ள நாலாவின் சாக்கடை நாற்றத்துக்காக. பட்டறை முதலாளி கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொள்கிறவர். அவன் அதைச் செய்துகாட்டினால் சிரிக்காமல் இருக்க முடியாது.

இந்தப் பாஷை உலகத்திலேயே எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பா இருந்தவரைக்கும் மூன்றரை. அவருக்கு 'வா', 'சாப்பிடு', 'அடி விழும்' மூன்று மட்டும் சுத்தமாக வரும். அம்மாவுக்கு வீட்டுக்குள் நடப்பது எல்லாம் புரியும், அவன் வேகம் பிடித்தால் என்னைப் பார்ப்பாள். பட்டறைச் சண்டையானாலும் பாங்குக் காரியமானாலும் நான்தான் நடுவில் நின்று இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சொல்ல வேண்டும். கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்த பிறகும் பாதி வேலை அதுதான்.

போன வருஷம் அவனுக்கு ஒரு பெண் அமைந்தது. அம்பாசமுத்திரம் பக்கம். அவளுக்கும் காது கேட்காது. விடுதியோடு கூடிய பள்ளியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தவள், ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். பெண் பார்க்கப் போனோம். காப்பி வந்தது, மிக்சர் வந்தது. இரண்டு பேரையும் உள்ளறையில் உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் முற்றத்தில் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரித்த முகமாக வெளியே வந்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பாஷை. ஆண்டவனாப் பார்த்துச் சேத்து வச்சிருக்கான்" என்றார் பெண்ணின் அப்பா. எல்லோரும் ஆமாம் போட்டோம், நானும் சேர்த்து. பூ வைத்து, தையில் கல்யாணம் என்று பேசி, ரயிலேறி வந்துவிட்டோம்.

ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? அவள் பாஷை பள்ளிக்கூடத்து பாஷை. காது கேளாதவர்கள் ஊர் ஊராகப் பேசிக்கொள்வது. இவனுடையது ஒரு அறைக்குள் பிறந்து அங்கேயே வளர்ந்தது. ஒரு தமிழனையும் ஒரு மராத்திக்காரியையும் உள்ளே தள்ளி, 'ரெண்டு பேருக்கும்தான் வாய் இருக்கே, பேசிக்கிடட்டும்' என்று கதவைச் சாத்தினால் சிரிப்பார்களா மாட்டார்களா? நாங்கள் அதைத்தான் செய்துவிட்டு, பொருத்தம் பிரமாதம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் ஆபீஸ் கெடு நெருங்கியது. ஒரு நாள் காலை, வீட்டுக்காரருக்கு லீவு, நான் ஐரோலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி ஆரம்பித்தார்.

"அந்த மூணையும் தூக்கிரவா?"

சீப்பைத் தலையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். தம்பி என்ன கடல் கடந்தா போய்விட்டான்? செம்பூருக்கும் தாராவிக்கும் நடுவே என்ன பெரிய தூரம்? தண்ணீர்க் குழாயில் யார் வாளியை முன்னால் வைத்தார்கள் என்று அவன் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கு நான் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? தையில் அவனுக்கே பேச ஆள் வந்துவிடும். "என்னமும் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் ஐரோலியில் ரயில் ஏறி, வாஷியில் மாறி, லேடீஸ் டப்பாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தப் பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்தது. அழகான தமிழில் அடிப்பாள்.

'மதினி, ஒரு விஷயம் கேக்கணும். வீட்டுல யார்ட்டயும் சொல்லாதீங்க. வீடியோ கால்ல அவங்க பேசுறது எனக்குப் புரியல. நான் பேசுறதும் அவங்களுக்குப் புரியல. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருக்கோம். சிரிச்சே காலம் தள்ள முடியுமா?'

நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. 'அம்மாட்ட சொன்னா, ரெண்டும் ஊமைதான, அப்புறம் என்னங்காங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லன்னா கல்யாணம் வேண்டாம்னு சொல்லிருவேன்.'

ரயில் கழிமுகப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மெசேஜ்: 'அவங்க உங்களோட பேசுன பழைய வீடியோ இருக்கா? என்ன சொல்றாங்கன்னு கீழ எழுதி அனுப்புங்க. நான் படிச்சுக்கிடுதேன். புதுசா எடுக்க வேண்டாம். என்ட்ட பேசும்போது போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்காங்க. உங்களோட எப்படிப் பேசுவாங்களோ அது வேணும். எனக்கு அவங்களப் பிடிச்சிருக்கு. அதான் கேக்கேன்.'

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. சுத்தம் செய்யும்போது அவருக்குக் காது, மூக்கு எதுவும் வேலை செய்யாது. 'எதையும் தொடாதீங்க' என்று அடித்து அனுப்பினேன். பார்த்ததாக அடையாளமே வரவில்லை. மான்குர்டில் ஒரு கூட்டம் ஏறி என்னை நசுக்கியது. கோவண்டிக்கு முன்னால் ரயில் காரணமில்லாமல் நின்றது. பக்கத்தில் ஒருத்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. காலை வைக்க இடமில்லாத கூட்டத்தில் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

செம்பூரில் இறங்கி, வரமாட்டேன் என்ற மூன்று ஆட்டோக்காரர்களைத் திட்டிவிட்டு, நடையும் ஓட்டமுமாக வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் லேப்டாப் முன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணையும் அப்பவே டிலீட் பண்ணிட்டேன். ஒரு இஞ்ச் ஜாகா திரும்பி வரல. உன் லேப்டாப்புக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

அவர் அழித்தது எல்லாம் லேப்டாப்பின் குப்பைத்தொட்டியில் அப்படியே கிடந்தது. தொட்டியைக் காலி செய்யாதவரை இடம் திரும்பாது. வீட்டுக் குப்பையைக் கதவுக்கு வெளியே வைத்ததும் ஊரை விட்டே போய்விட்டதாக நினைக்கிற மனுஷருக்கு அது தெரியவில்லை. இல்லை, அப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கிறார். ஏனென்றால் 'நிரந்தரமாக அழிக்கவா?' என்ற கேள்வி திரையில் நின்றது. விரல் பட்டனுக்கு மேலே இருந்தது.

"கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட் கதவு திறந்து மூடியது. அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவர் மெசேஜ்களைப் படித்தார். பிறகு மூன்று ஃபோல்டரையும் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் திருப்பி வைத்தார். வாழ்க்கையில் அவர் எதையாவது திருப்பி வைத்தது அதுதான் முதல் தடவை.

இருந்தவற்றைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் கண்ணால் பார்க்க ஒரு போன் வேண்டும். என் இப்போதைய போனில் ஏற்றினால் அதில் இருப்பது அழிந்துவிடும். அலமாரி அடியில் ஒரு பழைய போன் கிடந்தது, என் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் தப்பிய ஒரே சாமான். கண்ணாடி விரிசல், பேட்டரி உப்பிப் பூரியாக இருந்தது. தாராவியில் ரிப்பேர்க் கடையில் கொடுத்துப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்தேன். முதல் பேக்கப்பை ஏற்றினேன். எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு நகர்வதற்குள் அம்மியையே நகர்த்திவிடலாம். வேறு வேலை ஓடவில்லை, உட்காரவும் முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவேன், வந்து பார்ப்பேன், பால்கனிக்குப் போவேன், வந்து பார்ப்பேன். இரண்டு பேக்கப் முழுதாக வந்தது. இருப்பதிலேயே பழையது மட்டும் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித் திறக்க மறுத்தது. எத்தனையோ விதமாக முயன்றோம். போனது போனதுதான்.

திறந்தவுடன் அனுப்பிவிடத்தான் கை பரபரத்தது. ஆனால் அது அவன் பேச்சு. அவனைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? கேட்க வேண்டுமென்றால் அவளுக்குப் புரியவில்லை என்பதை முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போகும்போது அந்த ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது. அம்மா கறி வாங்கப் போயிருந்தாள். தம்பி கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தான்.

முன்னால் போய் நின்று கையால் சொன்னேன்: அந்தப் பெண்ணுக்கு நீ பேசுவது புரியவில்லை.

அவன் சீப்பை வைத்தான். முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. 'தெரியும்' என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் உதட்டை விரித்து, தலையை மேலும் கீழும் ஆட்டி, ஒரு சிரிப்புச் சிரித்துக் காட்டினான். பட்டறையில் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அவன் என்ன சொன்னாலும், புரிந்த மாதிரி, சீக்கிரம் முடித்தால் தேவலை என்ற மாதிரி. 'அவள் இப்படிச் சிரித்தாள். நானும் அவளுக்கு இதையேதான் சிரித்தேன்' என்றான்.

'ஏன் சொல்லவில்லை?'

அவன் இரண்டு விரலால் மூக்கின் இருபுறமும் தொட்டான். பிறகு நெஞ்சைத் தடவிக் காட்டினான். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்ற அத்தனை பேர் மேலும் வந்தது. அவள் கேட்டதைச் சொன்னேன். அவளுக்கு உன்னைப் பிடித்திருக்கிறதாம் என்பதையும் சொன்னேன். அதை மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டான். போடா என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

பிறகு பழைய போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்து, எது போகலாம், எது போகக் கூடாது என்று பிரித்தான். கிழிந்த பனியனோடு இருந்ததெல்லாம் அழிந்தது. முடி கலைந்திருந்ததெல்லாம் அழிந்தது. ஒரு முகப்பருவுக்காக நல்ல கதை ஒன்று போயிற்று. அப்பா இறந்த வாரம் எனக்கு அனுப்பிய வீடியோ வந்தபோது நான் நிறுத்தினேன். அதில் அவன் பாதி சொல்லிவிட்டு, முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். இது வேண்டாம்தானே என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினான். அது அவளுக்குப் போகலாம். அவள் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்ததில் எண்ணெய் வழிந்த முகத்தோடு இருந்தான். அதை அழித்தான்.

ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே அர்த்தம் எழுத உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. 'முதலாளி தீபாவளிக்குப் போனஸ் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்வீட் டப்பா கொடுத்தார், அதிலும் பாதி காலி' என்று அவன் இரண்டு கையசைவில் சொல்வதை எழுத எனக்கு இரண்டு வரி வேண்டியிருந்தது. இதில் யார் பேச்சு அதிக இடம் பிடிக்கிறது? ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும் ட்ரெயினில் நின்றுகொண்டே எழுதினேன். அவள் விடவில்லை. 'இந்த இடத்துல புருவத்தத் தூக்குறாங்களே, அது கேள்வியா கோவமா?' என்பாள். எனக்கே தெரியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் அவன் கையைத்தான் பார்த்திருக்கிறேன் போல. அவள் புருவத்தைப் பார்த்தாள்.

இதற்கிடையில் வீட்டுக்காரர் தன் பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். வீடியோக்களைத் தனியாகப் பிரித்து அதில் போட்டோம். அப்படிப் பிரித்த பிறகு பார்த்தால், அந்தப் பெரிய ஃபோல்டர்களில் தம்பி பேசியது பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்க ரோஜாக்கள். இத்தனை நாள் பழியை அவன் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். பேக்கப்புகளை அழித்தோம், தொட்டியைக் காலி செய்தோம், ஆபீஸ் சாஃப்ட்வேரை ஏற்றினோம். மஞ்சள் முக்கோணம் போயிற்று. என் கவலை போகவில்லை.

ஏனென்றால் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். மாதக் கடைசி நெருங்கியது. தினம் பத்துத் தடவை போனை எடுத்துப் பார்த்தேன். நானாக எழுதலாம் என்றால், அவசரப்படுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அம்மா இதெல்லாம் தெரியாமல் மாட்டுங்காவில் பட்டுப்புடவைக் கடை பார்த்துவைத்துவிட்டு வந்து, எந்தக் கலர் எடுக்கலாம் என்று கேட்டாள். அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். தம்பியிடம் விசாரித்தால், கட்டிலில் போனோடு உட்கார்ந்திருப்பவன் நிமிர்வதே இல்லை.

மாதக் கடைசியில் அவளும் அவள் அண்ணனும் மும்பைக்கு வந்து இறங்கினார்கள். வீடு பார்க்க வருகிறோம் என்று அண்ணன் போனில் சொன்னார். அவர் குரலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தாராவிக்குப் போனேன். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அந்தப் பெண் உள்ளே வந்து, ஏணி வைத்து ஏறும் மேல்தட்டைப் பார்த்தாள், தகரக் கூரையைப் பார்த்தாள், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே இருந்த குண்டானைப் பார்த்தாள். பிறகு தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பேச ஆரம்பித்தாள்.

முதலில் எனக்குப் புரிந்தது. மழை என்றாள், எங்கள் மழை. ஞாயிற்றுக்கிழமை என்றாள். தம்பி ஏதோ பதில் சொன்னான். அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வேகம் பிடித்தாள். இப்போது அவள் கையில் வந்தது பள்ளிக்கூடத்து பாஷை. எனக்கே தெரியாதது தம்பிக்கு எப்படித் தெரியும் என்று அவனைப் பார்த்தேன். அவன் அதிலேயே பதில் சொன்னான். இத்தனை நாள் போனோடு உட்கார்ந்து அவளிடம் கற்றுக்கொண்டது இதைத்தானா? நடுநடுவே எங்கள் சைகை ஒன்று வரும், பிடித்துக்கொள்ளப் பார்ப்பேன், அதற்குள் இரண்டிலும் சேராத ஏதோ ஒன்று வந்து என்னைத் தள்ளிவிட்டுப் போகும். இந்தச் சில வாரங்களில் போனில் அவர்களாகச் செய்துகொண்டது போல. சண்டைதான், சந்தேகமில்லை. அவள் தரையை ஒரு அடி அடித்தாள். தம்பி எழுந்து நின்றே பேசினான். அவன் அவ்வளவு கோபமாகவும் அவ்வளவு வேகமாகவும் ஒருவரிடம் பேசி நான் பார்த்ததில்லை.

அவள் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன சொல்லுதா? வேண்டாங்காளா?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏட்டி, என்ன பேசுதுவ ரெண்டும்?"

"தெரியலம்மா."

"ஒனக்கா தெரியாது?"

"நெசமாத் தெரியல."

தம்பியின் கவனத்தைத் திருப்ப அவன் கண்ணில் படும்படி கையை வீசினேன். அவன் அவளிடமிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. என் பக்கமாக உள்ளங்கையை மட்டும் நீட்டினான். பொறு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதே நேரத்தில் நெஞ்சு நிறைந்து, சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. அவர்கள் பேசி முடித்துவிட்டு எங்களுக்குச் சொல்லட்டும் என்று, காது நன்றாகக் கேட்கும் நாங்கள் மூன்று பேரும் சுவரோரமாகக் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தோம்.